பொருந்துதலும் இயைதலும்: அமெச்சூர் வானொலியில் இணைப்பியின் பணி

வடிவத்தாற் பொருந்துவன யாவும் செயலால் இயைவன அல்ல. ஒரு பூட்டின் துவாரத்தினுள்ளே தடையின்றிப் புகும் திறப்பெல்லாம் அப்பூட்டைத் திறந்துவிடுவதில்லை. சில வேளை உட்சென்று சிக்கி, உரிய திறப்பும் புகாதவாறு பூட்டையே பழுதாக்கிவிடுதலும் உண்டு. மின்கருவிகளை ஒன்றோடொன்று தொடுக்கும் செருகிகளுக்கும் இவ்வுண்மை ஒக்கும். கையிலுள்ள யாதேனும் ஒரு ஹெட்செற்றை அமெச்சூர் வானொலிக் கருவியொன்றுடன் தொடுத்தற்கு வேண்டிய 'அடப்டர்' என்னும் இணைப்பியின் இயல்பை ஆராயுமிடத்து, பொருந்துதலுக்கும் இயைதலுக்குமுள்ள வேறுபாடு நன்கு புலனாகும். பள்ளி ஆய்வுகூடத்திற் கற்கும் ஓமின் விதியும் கொள்ளளவியின் குணமும் வெறும் பரீட்சைப் பொருள்கள் அல்ல என்பதற்கும் இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெச்சூர் வானொலியும் அதன் தேவையும்

ஊதியமும் வாணிகமும் கருதாது, அறிவு வேட்கையாலும் பயிற்சியின் பொருட்டும், உரிமம் பெற்றோர் தமக்கென ஒதுக்கப்பட்ட மீடிறன்களில் நிகழ்த்தும் தொடர்பே அமெச்சூர் வானொலி எனப்படும். இலங்கையில் இதற்கான உரிமத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகின்றது. இந்நாட்டு நிலையங்கள் பலவற்றின் அழைப்புக்குறி 4எஸ்7 எனத் தொடங்கும்.

இதனை ஓய்வுநேர விளையாட்டென எண்ணுவோரும் உளர். ஆயினும் 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கடற்கோள் இத்தீவின் கரைகளைத் தாக்கியபோது, தொலைபேசித் தொடர்பு அறுந்த தென்கரைக்கும் கொழும்புக்குமிடையே செய்தியைக் கொண்டு சென்றோருள் அமெச்சூர் வானொலியாளரும் இடம்பெற்றனர். இத்தகைய வேளைகளில் வானொலி நிலையம் அமைதியான அறையில் அமைவதில்லை. மின்பிறப்பாக்கியின் இரைச்சலும், மழையும் காற்றும், உறவினரைத் தேடுவோரின் அழுகுரலும் சூழ்ந்த இடத்திலேயே அது இயங்கவேண்டியதாகின்றது. ஆங்கே ஒலிபெருக்கியில் மெலிதாக எழும் 'அறுபது' என்னும் எண் 'எழுபது' எனக் கொள்ளப்படின், பத்துப்பேருக்கான மருந்தோ உணவோ பிழைபட்டுவிடும். செவிகளைப் புறவொலியினின்றும் மறைத்து, ஒலிவாங்கியை வாயருகே நிறுத்தி, எழுதுதற்குக் கைகளையும் விடுவித்துக் கொடுக்கும் ஹெட்செற் இக்காரணத்தால் இன்றியமையாததாகின்றது. அவ்வேளையில் உரிய நிறுவனத்தின் உரிய ஹெட்செற்றே கிடைக்குமென்பது நிச்சயமன்று. கணினியுடன் வந்ததோ, கைத்தொலைபேசியுடன் வந்ததோ, கிடைத்ததைக் கொண்டே கருமம் ஆற்றவேண்டும். எனவே இணைப்பியைப் பற்றிய அறிவும், முன்னரே செய்து சோதித்து வைக்கப்பட்ட இணைப்பியும் வேண்டற்பாலன.

செவியில் அணியும் கருவி வானொலிக்குப் புதிதன்று. 1901ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆந் திகதி நியூபவுண்லாந்திலுள்ள சிக்னல் குன்றில், அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த சமிக்கையைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, அவர் செவியில் வைத்திருந்தது தொலைபேசியின் கேட்குங் குழலேயாகும். பின்னர் 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தவரான நதானியேல் போல்ட்வின், இருசெவிக்கும் ஏற்ற உணர்திறன் மிக்க கேட்குங் கருவிகளைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். அன்று கேட்குங் கருவி மாத்திரமே இருந்தது. இன்று அதனோடு ஒலிவாங்கியும் கூடி ஹெட்செற் ஆகியுள்ளது. சிக்கல்களுட் பெரும்பாலானவை ஒலிவாங்கியின் பக்கத்தனவே.

செவிக்குச் செல்லும் வழி

எளிய பக்கத்தை முதலில் நோக்குதல் தகும். வானொலிக் கருவிகளிற் பலவற்றில் கேட்குங் கருவிக்கான குதை 6.35 மில்லிமீற்றர் விட்டமுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொலைபேசி நிலையங்களில் இணைப்பாளர் பயன்படுத்திய செருகியின் வழிவந்தது அது. இக்கால ஹெட்செற்றுக்களோ 3.5 மில்லிமீற்றர்ச் செருகியை உடையன. இவ்வளவு வேறுபாட்டைக் கடையில் வாங்கும் சிறு துண்டொன்று தீர்த்துவிடும். ஆயினும் செருகியின் வளையங்களைக் கவனித்தல் வேண்டும். இருசெவிக்கும் வெவ்வேறு கம்பியுள்ள செருகியை ஒற்றைவழிக் குதையிற் செருகின், ஒரு செவியில் மாத்திரமே ஒலி கேட்கும். மாறாக, ஒற்றைவழிச் செருகியை இருவழிக் குதையிற் செருகின், ஒரு பக்கத்து வெளியீடு புவிமுனையோடு குறுஞ்சுற்றாகும்.

கைத்தொலைபேசிகளின் ஹெட்செற்றுக்களில் ஒரே செருகியில் நான்கு தொடுகைகள் உள. நுனி இடச்செவிக்கும் முதல் வளையம் வலச்செவிக்கும் உரியன. எஞ்சிய இரண்டில் எது ஒலிவாங்கி, எது புவி என்பதில் இரு மரபுகள் நிலவுகின்றன. இன்று பெருவழக்கிலுள்ள மரபில் இரண்டாம் வளையம் புவி, அடிப்பகுதி ஒலிவாங்கி. பழைய மரபில் இவை இடம் மாறியிருக்கும். வெளித்தோற்றத்தால் இரண்டையும் வேறுபடுத்தல் இயலாது. பன்மானியால் அளந்தே அறிதல் வேண்டும்.

கேட்குங் கருவியின் தடங்கலும் கருதத்தக்கது. கற்பளிங்கு வாங்கிகளின் காலத்தில் 2000 ஓம் அளவிலான கேட்குங் கருவிகள் வழக்கிலிருந்தன. இன்றைய ஹெட்செற்றுக்களிற் பல 32 ஓம் அளவின. விமானிகள் அணிவனவோ சில நூறு ஓம் உடையன. தடங்கல் மிகும்போது ஒலி மெலியும். பெரும்பாலும் வேறு தீங்கு இல்லை. ஆனால், ஒலிபெருக்கிக்குரிய வெளியீட்டில் ஹெட்செற்றைத் தொடுக்குமிடத்து எச்சரிக்கை வேண்டும். சில கருவிகளில் அவ்வெளியீட்டின் இரு கம்பிகளும் புவியோடு தொடர்பற்றவை. ஹெட்செற்றின் பொதுக்கம்பி வழியே அவற்றுள் ஒன்று புவியைத் தொடின் விரியலாக்கி பழுதாகலாம். அவ்விடத்து ஒரு சிறு நிலைமாற்றியை இடையில் அமைத்தலே பாதுகாப்பானது.

ஒலிவாங்கியின் வகைகள்

ஒலிவாங்கிகளை அவற்றின் தேவை பற்றி இருவகையாகப் பகுக்கலாம். காந்தப்புலத்தில் மெல்லிய சுருளொன்று அசைவதால் மின்னைப் பிறப்பிப்பது இயங்குசுருள் ஒலிவாங்கி. பரடேயின் தூண்டல் விதியே இதன் அடிப்படை. இதற்குப் புறத்திலிருந்து மின் ஊட்டவேண்டியதில்லை. இது தரும் அழுத்தம் உவோற்றின் ஆயிரத்தில் ஒருசில பங்கே.

மற்றையது எலெக்ரெற் ஒலிவாங்கி. நிலையான ஏற்றத்தைத் தாங்கிய மென்படலத்தைக் கொண்ட இவ்வகையை 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், ஜெர்ஹார்ட் செஸ்லர் என்னும் இருவர் உருவாக்கினர். இதனுள்ளே சிறு திரான்சிஸ்ரர் ஒன்று உளது. அதற்கு ஒருசில உவோற்று நேரழுத்தம் ஊட்டினாலன்றி அது வாய்திறவாது. கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் உரிய ஹெட்செற்றுக்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

ஆகவே, எலெக்ரெற்றை உடைய ஹெட்செற்றை நேரழுத்தம் அளியாத வானொலியுடன் தொடுத்தால் பேச்சு வெளிவராது. நேரழுத்தம் வரும் முனையில் இயங்குசுருள் ஒலிவாங்கியை நேரே தொடுத்தால், தேவையற்ற ஓட்டம் சுருளிற் பாய்ந்து ஒலியைக் கெடுக்கும். இரண்டிலும் செருகி பொருந்தியே இருக்கும். கருவிகள் மாத்திரம் இயையா.

யூ.எஸ்.பி. செருகியுடன் முடியும் ஹெட்செற்றுக்கள் வேறொரு சாதியின. அவற்றின் வடத்திற் செல்வது ஒலியையொத்த மின்னலையன்று. எண்களாக மாற்றப்பட்ட தகவலேயாம். அதனைக் கணினி போன்ற கருவியே விளங்கிக்கொள்ளும். கம்பிகளை மாற்றித் தொடுப்பதால் மாத்திரம் அவற்றைச் சாதாரண வானொலியின் ஒலிவாங்கிக் குதையுடன் இணைத்தல் இயலாது. 'எந்த ஹெட்செற்றும்' என்னும் கூற்றின் எல்லை இதுவாகும்.

எண்முனைச் செருகியின் மயக்கம்

அமெச்சூர் வானொலிக் கருவிகளிற் பலவற்றின் முகப்பில் எட்டு முனைகளையுடைய வட்டக் குதை அமைந்திருக்கும். ஐகொம், கென்வூட், யாயேசு என்னும் மூன்று யப்பானிய நிறுவனங்களின் கருவிகளிலும் இக்குதை ஒரே தோற்றமுடையது. ஒன்றின் செருகி மற்றொன்றில் இடர்ப்பாடின்றிப் புகும். ஆனால் முனைகளின் பணிகளோ வேறு.

ஐகொம் மரபில் 1ஆம் முனை ஒலிவாங்கிக்கும், 2ஆம் முனை 8 உவோற்று வழங்கலுக்கும், 5ஆம் முனை பேச்சாளிக்கும், 6ஆம் 7ஆம் முனைகள் புவிக்கும் உரியன. கென்வூட் மரபில் 1ஆம் முனை ஒலிவாங்கி, 2ஆம் முனை பேச்சாளி, 5ஆம் முனை 8 உவோற்று, 7ஆம் 8ஆம் முனைகள் புவி. யாயேசு மரபிலோ 8ஆம் முனை ஒலிவாங்கி, 6ஆம் முனை பேச்சாளி, 2ஆம் முனை 5 உவோற்று, 5ஆம் 7ஆம் முனைகள் புவி. பேச்சாளி என்பது பேசும்போது அழுத்தும் ஆளி. அது உரிய முனையைப் புவியோடு தொடுத்தவுடன் வானொலி கேட்டலை நிறுத்திச் செலுத்தத் தொடங்கும்.

இனி, ஐகொம் கருவிக்கெனச் செய்த இணைப்பியை ஒருவர் கென்வூட் கருவியிற் செருகினார் எனக் கொள்க. அவர் ஆளியை அழுத்துகின்றார். இணைப்பி 5ஆம் முனையை 7ஆம் முனையுடன் தொடுக்கின்றது. ஐகொம்மில் இது பேசுதற்கான கட்டளை. கென்வூட்டிலோ 8 உவோற்று வழங்கல் நேரே புவியுடன் குறுஞ்சுற்றாகின்றது. சிறு ஓட்டத்துக்கென அமைந்த அவ்வழங்கல் இதனால் பழுதுறக்கூடும். ஒரு பெயர்த்துண்டு ஒட்டப்படாத இணைப்பி எத்துணைத் தீங்கு விளைக்குமென்பதற்கு இஃதொன்றே சான்று. ஒரே நிறுவனத்தின் கருவிகளுள்ளும் வேறுபாடு உண்டு. வட்டக் குதைக்குப் பதிலாகத் தொலைபேசிக் குதையை ஒத்த சதுரக் குதையைக் கொண்டனவும் உள. ஆதலின் அவ்வக் கருவியின் கைந்நூலே இறுதிப் பிரமாணம்.

தடையியும் கொள்ளளவியும்

எலெக்ரெற்றுக்கு வேண்டிய நேரழுத்தத்தை வானொலியின் வழங்கல் முனையிலிருந்தே பெறலாம். எவ்வளவு தடை வேண்டும் என்பதை ஓமின் விதி கூறும். வழங்கல் 8 உவோற்று, ஒலிவாங்கிக்கு வேண்டியது 3 உவோற்று, அது கொள்ளும் ஓட்டம் அரை மில்லியம்பியர் எனக் கொள்க. தடையியில் விழவேண்டிய அழுத்தம் 8 − 3 = 5 உவோற்று. 5ஐ 0.0005 ஆல் வகுக்க 10,000 ஓம் கிடைக்கும். வழங்கல் 5 உவோற்றாயின் விழவேண்டியது 2 உவோற்று. தடை 4000 ஓம். கடையிற் கிடைக்கும் 3900 ஓம் தடையி இதற்குப் போதும்.

நேரழுத்தம் ஒலிவாங்கிக்குச் செல்லவேண்டும்; ஆனால் வானொலியின் ஒலி உள்ளீட்டுக்குச் செல்லலாகாது. பேச்சின் மின்னலையோ செல்லவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் காவலாளியே கொள்ளளவி. பழைய நூல்கள் இதனை ஒடுக்கி என்னும். நேரோட்டத்தை மறித்து ஆடலோட்டத்தை விடுவது இதன் இயல்பு. இதன் அளவும் கணித்தற்குரியது. உள்ளீட்டுத் தடங்கல் 600 ஓம், கொள்ளளவு 1 மைக்கிரோபரட்டு ஆயின், வெட்டு மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 265 அதிர்வுகள் ஆகும். அதனினும் தாழ்ந்தவை படிப்படியாக மெலியும். வானொலிப் பேச்சுக்கு வேண்டியது ஏறத்தாழ 300 முதல் 3000 வரையான அதிர்வுகளே. ஆதலின் 1 மைக்கிரோபரட்டு ஏற்புடையது. 0.1 மைக்கிரோபரட்டை இடின் எல்லை 2650 ஆக உயர்ந்து, பேச்சு உயிரற்ற கீச்சொலியாகிவிடும்.

ஐகொம் கருவிகள் பலவற்றில் ஒலிவாங்கி முனையிலேயே நேரழுத்தம் வருவதால், எலெக்ரெற்றுக்கு வேறு ஊட்டல் வேண்டியதில்லை. அங்கே இயங்குசுருள் ஒலிவாங்கியைத் தொடுக்கும்போதே கொள்ளளவி இன்றியமையாததாகும். ஒரே உறுப்பு ஒரு கருவியில் ஒருவகை ஒலிவாங்கிக்கும், மற்றொரு கருவியில் மறுவகைக்கும் வேண்டப்படுதல் காண்க.

எலெக்ரெற் தரும் அழுத்தம் இயங்குசுருள் தருவதினும் பன்மடங்காதலுங் கூடும். மிகுந்த அழுத்தம் உட்செல்லின் பேச்சு சிதைவதோடு, அயல் மீடிறன்களில் உரையாடுவோருக்கும் இடையூறு விளையும். ஆதலின் அளவைக் குறைத்தற்கு மாறுதடையி ஒன்றை இணைப்பியிலேயே அமைத்தல் நன்று.

அழையா விருந்தினர்

செலுத்தி இயங்கும்போது அதன் அலை அறையெங்கும் பரவும். ஹெட்செற்றின் நீண்ட வடம் அதனை ஏற்கும் அலைவாங்கியாகிவிடும். அவ்வலை ஒலிவாங்கியூடாக மீண்டும் செலுத்தியினுட் புகின், பேச்சு குழறி விளங்காத ஓசையாக வெளிவரும். பேசுவோர் இதனை அறியார், கேட்போரே அறிவர். இதனைத் தடுத்தற்கு ஒலிவாங்கிக் கம்பிக்கும் புவிக்குமிடையே 1000 பிக்கோபரட்டுக் கொள்ளளவி ஒன்றை இடுவர். செக்கனுக்கு 1000 அதிர்வுள்ள பேச்சுக்கு இதன் தடங்கல் ஏறத்தாழ 1,59,000 ஓம். எனவே பேச்சு அவ்வழியாற் கசியாது. செக்கனுக்கு 1 கோடியே 40 இலட்சம் அதிர்வுள்ள வானொலி அலைக்கோ அதன் தடங்கல் ஏறத்தாழ 11 ஓம் மாத்திரமே. அவ்வலை புவியுள் ஓடிவிடும். ஒரே பொருள் ஒன்றற்குச் சுவராகவும் மற்றொன்றற்கு வாயிலாகவும் நிற்கின்றது. வடத்தைப் பெரைற்று வளையமொன்றிற் சில சுற்றுச் சுற்றுதலும், கவசமிட்ட வடத்தைக் கொள்ளுதலும் மேலும் துணைசெய்யும்.

மற்றோர் அழையா விருந்தினர் இரைச்சல். கணினியும் வானொலியும் ஒருங்கே ஓர் இணைப்பியிற் கூடும்போது, இரண்டின் புவிக்கம்பிகளும் சேர்ந்து வளையமாகி, வீட்டு மின்னின் 50 அதிர்வு உறுமலாகக் கேட்கும். 600 ஓமுக்கு 600 ஓம் என அமைந்த நிலைமாற்றி இவ்வளையத்தை அறுத்து, ஒலியை மாத்திரம் கடத்தும்.

பொது இணைப்பியின் சூத்திரம்

ஒவ்வொரு ஹெட்செற்றுக்கும் ஒவ்வொரு வானொலிக்கும் தனித்தனி இணைப்பி செய்வது முறையா? மூன்று வகை வானொலியும் நான்கு வகை ஹெட்செற்றும் உளவாயின், 3ஐ 4ஆற் பெருக்க 12 இணைப்பிகள் வேண்டும். பத்தும் பத்துமாயின் 100 வேண்டும். இதற்கு மாறாக, நடுவே ஒரு பெட்டியை நிறுத்தி, அதன் ஒரு பக்கத்து ஒழுங்கை ஒருமுறை வகுத்துக்கொண்டால், வானொலிக்கொரு வடமும் ஹெட்செற்றுக்கொரு வடமுமே போதும். அப்போது முன்னதில் 7 வடங்களும் பின்னதில் 20 வடங்களுமே வேண்டும். பெருக்கல் கூட்டலாகச் சுருங்குகின்றது.

அப்பெட்டியினுள் எலெக்ரெற்றுக்கும் இயங்குசுருளுக்கும் மாற்றும் ஆளி, ஒலியளவுக்கான மாறுதடையி, மறிக்கும் கொள்ளளவி, வானொலி அலையை வடிக்கும் கொள்ளளவி, பேச்சாளிக்கான குதை என்பன அமையும். கணினி ஹெட்செற்றுக்களில் பேச்சாளி இன்மையால், காலால் அழுத்தும் ஆளியைத் தனியே செருகுதல் வழக்கம்; எழுதும் கை இதனால் தடைப்படாது. பேச்சொலியைக் கேட்டுத் தானே செலுத்தத் தொடங்கும் அமைப்பு வானொலிகள் பலவற்றில் உண்டாயினும், இரைச்சல் மிக்க இடத்தில் அயலார் குரலும் அதனை இயக்கிவிடும். ஆதலின் பேரிடர் வேளையில் கால் ஆளியே நம்பத்தக்கது.

சோதனையும் ஒழுக்கமும்

பற்றாசு வைத்து முடித்தவுடன் இணைப்பியை வானொலியிற் செருகுதல் கூடாது. முதலில் பன்மானியால் ஒவ்வொரு முனையையும் மற்றொவ்வொரு முனையுடன் அளந்து, தொடர்பு இருக்கவேண்டிய இடத்தில் மாத்திரம் இருக்கின்றதா எனக் காணல் வேண்டும். கம்பியின் நிறத்தை நம்புதல் தவறு. நிறங்களுக்குப் பொது மரபு இல்லை. செருகியின் முனையெண்களை முன்புறமிருந்து நோக்குகையிலும் பற்றாசிடும் பின்புறமிருந்து நோக்குகையிலும் வரிசை இடம்வலமாக மாறும். தொடக்கநிலையினரின் பிழைகளுட் பல இதனின்றே பிறப்பன.

அடுத்து, அலைவாங்கிக்குப் பதிலாகப் போலிச் சுமையைத் தொடுத்து, மிகக் குறைந்த வலுவிற் செலுத்தி, மற்றொரு வாங்கியிற் கேட்டல் வேண்டும். ஆளியை விட்டவுடன் செலுத்துதல் நிற்கின்றதா என்பதையும் காணல் வேண்டும். ஆளி சிக்கி நிற்கும் ஒரு செலுத்தி, அம்மீடிறனிற் பேசவேண்டிய அனைவரின் வாயையும் அடைத்துவிடும். இறுதியாக, இணைப்பியின் மேல் அது எந்த வானொலிக்கு உரியது என்பதை அழியாத எழுத்திற் பொறித்து, முனைகளின் வரைபடத்தை அதனோடு கட்டிவைத்தல் வேண்டும். செய்தவர் அருகில் இல்லாத வேளையிலேயே அது பெரும்பாலும் பயன்படும் என்பதை மறத்தலாகாது.

ஓர் இணைப்பியின் உறுப்புக்களாவன இரண்டொரு தடையி, மூன்று நான்கு கொள்ளளவி, சில செருகிகள், ஒரு சிறு பெட்டி என்பனவே. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியரின் மேற்பார்வையில் விடுமுறை நாளொன்றிற் செய்து முடிக்கத்தக்கது அது. ஆயினும் அதனுள்ளே தூண்டல் விதியும் ஓமின் விதியும், கொள்ளளவியின் இருமுக இயல்பும், கூட்டலால் பெருக்கலை வெல்லும் கணிதமும் ஒருங்கே உறைகின்றன. புயலோ வெள்ளமோ வந்து தொலைபேசி ஊமையாகும் நாளில், எங்கோ ஒரு மண்டபத்தில், எவரோ விட்டுச்சென்ற ஹெட்செற் ஒன்று எவரோ கொண்டுவந்த வானொலியுடன் தொடுக்கப்படும். அன்று 'அறுபது' என்று சொன்னது 'அறுபது' என்றே கேட்குமாயின், அதற்குக் காரணம் முன்னொருநாள் ஒருவர் பொறுமையோடு அளந்து, பற்றாசிட்டு, பெயரெழுதி வைத்த அச்சிறு பெட்டியேயாகும்.